காரும் இல்லை, வேனும் இல்லை

"ஜோஆன் அக்கா, ஆன்டி இன்னும் வரலையே. வழியில இருக்காங்களா?"

பிரிக்ஃபீல்ட்ஸ் டயாலிசிஸ் நிலையத்துத் தாதி ரேஷ்மாவின் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. ஷா ஆலம் தொழிற்சாலையில், அட்டைப்பெட்டிகள் நகரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜோஆன், சத்தம் குறைந்த மூலைக்கு ஓடினாள்.

"டாடி எப்பவும் நேரத்துக்கு முன்னாடியே வந்து நிப்பாரே ரேஷ்மா!"

"அதான்க்கா எனக்குப் பயமா இருக்கு. வியாழக்கிழமையும் காய்ச்சல்னு சொல்லி ஆன்டி வரல. இன்னிக்கும் விட்டா உடம்புல தண்ணி சேர்ந்துடும். நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா மூச்சு விட முடியாது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வியாழக்கிழமை காய்ச்சலா? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "மெஷின் எப்படி இருந்துச்சு மம்மி?" என்று கேட்டாள். "வழக்கம் போலத்தான்" என்று அம்மா சொன்னாள். பொய்யே சொல்லாத சாந்தமேரி, முகத்தை நேராகப் பார்த்துச் சொன்ன பொய்!

"மெஷினை எதுவரைக்கும் பிடிச்சு வைப்பே?"

"சாயங்கால ஷிப்ட் ஆளுங்க வர்ற வரைக்கும். அதுக்கு மேல என் கையில இல்லக்கா."

இந்தக் குடும்பத்தைப் போன வாரம் நாம் விட்டுவந்தது சமையலறையில். ரவாங்கிலிருந்து வந்திருந்த மகன் மார்க், காப்பியை ஆற்றிக்கொண்டே தங்கையிடம் தீர்ப்பு வாசித்தான். டாடிக்கு எழுபது தாண்டிவிட்டது, இனி அவர் வண்டி ஓட்டக்கூடாது, காரை விற்றுவிட வேண்டும், மம்மியை வாடகை வேனில் அனுப்ப வேண்டும். ஜோஆன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தால் காதும் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கு ஒரு வசதி.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார் என்று நாம் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான்.

உயரம் இருக்கும், அதற்கேற்ற நீளம் இருக்காது. பின்னால் மூட்டை ஏற்றலாம், ஆனால் வேன் இல்லை. ஏறி உட்கார்ந்தால் சாலை முழுக்கத் தெரியும், ஆனால் ஜீப் இல்லை. நெட்டுக்கு நிமிர்த்தி வைத்த பிஸ்கட் டின்னுக்கு நாலு சக்கரம் மாட்டியதுபோல் ஒரு பச்சை வண்டி. பழைய வண்டி விற்கும் இடத்தில் ஜோஆனின் அப்பா இருதயம் அதன் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனைவியைக் கூட்டிப்போய் ஒவ்வொரு வண்டியிலும் உட்காரச் சொன்னார். தாழ்வான காரில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உயரமான ஜீப்பில் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை. இதில் மட்டும் வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். "இதுதான்" என்றார் இருதயம். வியாபாரம் முடிந்தது.

அவர் சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்தவர். ரயிலின் வாலில் தொங்குமே, உயரமாய்ச் சின்னதாய் ஒரு பெட்டி, அதில்தான் பாதி வாழ்க்கையைக் கழித்தார். இந்த வண்டியும் அவருக்கு அதே பெட்டிதான். வீட்டுக்கு வந்துசேர்ந்ததும் எல்லாரும் இறங்கியாயிற்றா, கதவு சாத்தியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கீழே காலை வைப்பார். "கார்டு கடைசியாத்தான் இறங்கணும்" என்பார்.

ஊர் அப்படிப் பார்க்கவில்லை. ஃபிளாட்டின் கீழே வண்டி வந்து நின்ற முதல் நாளே, பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆன்டி பர்சோடு இறங்கி வந்து, "காயா ரொட்டி இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது ரொட்டி வேன். விற்பனை ஆப்பில் விளம்பரம் போட உட்கார்ந்த மார்க், எந்த வகை வண்டி என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் திண்டாடி, கடைசியில் 'மற்றவை' என்று அமுக்கினான்.

ஜோஆனுக்கு அதைப் பார்த்தாலே கூச்சம். லைசென்ஸ் இருந்தும் ஒருநாள்கூட அதை ஓட்டியதில்லை. யாராவது "உங்க வேன்" என்று ஆரம்பித்தால் போதும், "வேன் இல்ல, கார்" என்று வெடுக்கென்று திருத்துவாள். இந்த வீம்பு இன்றைக்கு அவளுக்கு என்ன செய்தது என்பதை இனிப் பார்க்கத்தானே போகிறோம்.

அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் போன் அணைத்துக் கிடந்தது. தனலெட்சுமி ஆன்டிதான் எடுத்தார்.

"காலையிலேயே கெளம்பிட்டாங்களே ஜோஆன். உன் டாடி போனு உள்ள மேசையில கத்திக்கிட்டுக் கெடக்கு, எனக்கு இங்க கேக்குது. வீல்சேரைத் தூக்கி வச்சிட்டுப் படியில உக்காந்துட்டாரு மனுஷன். வேர்த்து ஊத்துச்சு. தண்ணி குடிங்கன்னேன், ஒண்ணும் இல்லன்னுட்டாரு. உங்கம்மா இன்னிக்கு எவ்வளோ அழகா இருந்தாங்க தெரியுமா? அந்தச் சந்தனக் கலர் பட்டு, முழுக்கை ஜாக்கெட்டு..."

"என்ன ஜாக்கெட் ஆன்டி?"

"முழுக்கை லா. மணிக்கட்டு வரைக்கும்."

அதற்கப்புறம் ஆன்டி சொன்ன எதுவும் ஜோஆன் காதில் ஏறவில்லை. ஊசி ஏற்ற இடது கை வேண்டும். டயாலிசிஸுக்குப் போகிற நாளில் அம்மா தொளதொளவென்று அரைக்கைச் சட்டைதான் போடுவாள். முழுக்கை போட்டிருக்கிறாள் என்றால் அந்தக் கையை இன்றைக்கு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

சந்தனப் பட்டு அம்மாவின் கல்யாணத்துக்குக் கிள்ளானில் எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு அவள் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் ஜோஆனுக்குத் தோன்றியது. அம்மா ஞானஸ்நானம் பெற்ற, மோதிரம் மாற்றிய கிள்ளான் மாதா கோவில்.

மார்க்கைக் கூப்பிட்டாள்.

"ஃபெடரல் ஹைவேயில போயிருந்தா டோலும் இல்ல, டோல் காசு கட்டுற என் ஆப்புல ஒண்ணும் காட்டாது" என்றான் அவன். "நான் போலீஸ்ல சொல்றேன். அப்படியே கெளம்பி வரேன். ஜோ... மம்மிக்குக் கேட்டிருக்குமோ? அன்னிக்கு நான் பேசினது?"

"தெரியல மார்க். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றவள் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே ஓடினாள்.

அவள் பிடித்த கிராப் டாக்சியை ஓட்டியவர் சபாபதி என்று ஒரு பெரியவர். முகத்தைப் பார்த்ததுமே வானொலியை அணைத்துவிட்டார். கிள்ளான் பாலத்தில் லோரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஜோஆன் வாய்க்குள்ளேயே அருள்நிறை மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்தது. சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம், இன்றைக்குப் போய் மறக்கிறது.

கோவில் வாசலுக்கு எதிரே ஒரு பூக்கடை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கலியமூர்த்தி என்ற இளைஞன் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தான். ஜோஆன் கார் ஜன்னலிலிருந்தே கத்தினாள்.

"அண்ணே! பச்சைக் கார் ஒண்ணு உள்ள போச்சா?"

"காலையிலேருந்து இங்கதாங்க்கா இருக்கேன். பச்சைக் கார் எதுவும் வரலையே. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அவள் நிற்கவில்லை. வளாகத்துக்குள் ஓடிப் பார்த்தாள். முன்னால் நாலைந்து கார்கள், எல்லாம் வெள்ளை, சாம்பல். கோவில் உள்ளே பெஞ்சுகள் காலியாக இருந்தன. அலுவலகம் மதியச் சாப்பாட்டுக்குச் சாத்தியிருந்தது. திரும்பி ஓடிவந்து கிராப்பில் விழுந்தாள்.

"இங்க இல்ல அங்கிள். பக்கத்துத் தாமான் குடியிருப்புல என் சின்னம்மா வீடு. அங்க போங்க."

சின்னம்மா கதவைத் திறந்தபோதே கண்கள் வீங்கியிருந்தன.

"இங்க வரலம்மா. ஆனா நேத்து போன் பண்ணா. எத்தனை வருஷமா பேசாம இருந்தோம், உனக்குத்தான் தெரியுமே. எங்கப்பா சாவுல நான் அவளை வாசல்ல நிக்க வச்சுப் பேசினது. அதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும். அவ கேக்குறா! 'இனி எனக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்ல, உனக்கும் என் மேல இருக்கக்கூடாது'ன்னா. நான் சந்தோஷத்துல அழுதேன் ஜோஆன். இப்ப நீ வந்து நிக்கிறதைப் பார்த்தா..."

ஜோஆன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவள் பார்த்திருக்கிறாள். பாட்டனார் போவதற்கு முன்னால், பெரியப்பா போவதற்கு முன்னால். சண்டைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, குருவானவர் கையால் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். அம்மா அதைத்தான் வரிசையாகச் செய்துகொண்டு வருகிறாள். அப்படியானால் அடுத்தது சாமியார். சாமியார் என்றால் அதே கோவில்தான்.

ஆனால் அங்கே கார் இல்லையே!

அவள் மறுபடி வண்டியில் உட்கார்ந்து விசும்பினாள். சபாபதி திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் கேக்குறேன்னு நெனைக்காதீங்க. அது என்ன கார்? நானும் ரோட்டுல பார்த்துக்கிட்டே வருவேன்ல."

பெயர் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை. ஜோஆன் போனில் தேடிப் போன கிறிஸ்மஸ் படத்தை நீட்டினாள். பச்சை வண்டி முன்னால் அப்பா, அம்மா, பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் தாத்தா.

சபாபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அய்யோ, இது வேன் லா!"

வேன் இல்லை, கார் என்று திருத்த அவள் வாய் தானாகவே திறந்தது. அப்படியே நின்றது. பூக்கட்டுகிறவனின் 'ஆனா' அப்போதுதான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

"திரும்புங்க அங்கிள். கோவிலுக்கே திரும்புங்க!"

கலியமூர்த்தி அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"வேனா? அட, வேன் வந்துச்சுக்கா! அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க நிக்கலையே. அந்தம்மா ஜன்னல் வழியா ரெண்டு முழம் பூ வாங்கினாங்க. ஹாலுக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்தினாங்க. மிச்சக் காசு குடுக்கப் பின்னாடி போனா, ஃபாதரே வேன்கிட்ட வந்து ஜெபம் பண்ணி எண்ணெய் எல்லாம் தொட்டு வச்சாருக்கா. நான் புது வேனுக்குப் பூசை போலன்னு நெனைச்சு, எலுமிச்சம்பழம் வேணுமான்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க."

ஜோஆன் சபாபதிக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஓடினாள்.

ஹாலுக்குப் பின்னால் பாறைக் குகைபோல் கட்டிய மாதா கெபி. அதற்கு எதிரே, அம்மா இறங்காமலே மாதாவைப் பார்க்கும்படி, பச்சை வண்டி நின்றது. முன் இருக்கையில் இருதயம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால், மூன்று தலையணைகளில் சாய்ந்து சந்தனப் பட்டில் சாந்தமேரி. கொண்டையில் மல்லிகை. முகம் உப்பியிருந்தது. வாயால் மூச்சு வாங்கினாள். நெற்றியில் எண்ணெய் மினுமினுத்தது.

"வந்துட்டியா" என்றாள். "சாப்பிட்டியா?"

ஜோஆனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, முன்கதவைப் பிடித்து உலுக்கினாள்.

"டாடி! உங்களுக்கு அறிவு இருக்கா? மூச்சு வாங்குறாங்க, தெரியலையா? கொன்னுடப் பார்த்தீங்களா?"

இருதயம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவரைத் திட்டாதே" என்றாள் சாந்தமேரி. "வியாழக்கிழமையும் நான்தான் போகவேணாம்னேன். இன்னிக்கும் நான்தான். காலையிலேருந்து அந்த மனுஷன் என்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்காரு. நான்தான் மசியல."

"ஏன் மம்மி? மார்க் பேசினதா? வண்டியை விக்கிறதா? விக்க மாட்டோம் மம்மி, சத்தியமா..."

"வண்டிக்காக யாராவது சாவாங்களாடி?" அவள் மூச்சைப் பிடித்துப் பேசினாள். "போன வாரம் என்னைத் தூக்கி ஏத்திட்டு உன் டாடி கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. நெஞ்சைத் தடவினாரு. நான் பார்க்கலைன்னு நெனைச்சாரு. கண்ணாடியில பார்த்தேன். அதுக்கு முந்தின வாரமும் பார்த்தேன். எத்தனை வருஷமா தூக்குறாரு, ஏத்துறாரு, இறக்குறாரு. அந்த மெஷின் எனக்கு உயிரு குடுக்குது ஜோ. ஆனா அதை இவருகிட்டேருந்துல்ல எடுத்துக் குடுக்குது?"

"அதெல்லாம் வாயு" என்றார் இருதயம் முன்னாலிருந்து. அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"டாக்டர்கிட்ட போனீங்களா டாடி?"

"போனா, ஓட்டாதேம்பாங்க."

எவ்வளவு சின்ன பதில்! இவர் அவளுக்காக மறைத்திருக்கிறார். அவள் இவருக்காகச் சாகத் துணிந்திருக்கிறாள். நடுவில் பிள்ளைகள் இரண்டு பேரும் வண்டியை எந்த வகையில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஃபாதர்கிட்ட கேட்டேன்" என்றாள் சாந்தமேரி. "இப்படி நிறுத்திக்கிட்டா பாவமான்னு. அவரு என்னைத் திட்டல. 'பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா அம்மா?'ன்னு மட்டும் கேட்டாரு. நான் முழிச்சேன். இனிமே எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் இங்கயே ஒக்காந்திருக்கோம்."

பின்கதவு திறந்திருந்தது. வேறு காராக இருந்தால் குனிந்து, தலையை உள்ளே விட்டுத்தான் பேச வேண்டும். இதில் அம்மாவின் முகம் நின்றிருந்த ஜோஆனின் முகத்துக்கு நேரே இருந்தது. தப்பித்துக் கீழே பார்க்கக்கூட வழியில்லை.

"நான் ஓட்டுறேன் மம்மி. நான் தூக்குறேன். நைட் ஷிப்டுக்கு மாத்திக்கிறேன். டாடி இனிமே ஒரு சாமானைக்கூடத் தூக்க வேணாம். எனக்கு இந்த வண்டியை ஓட்ட வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான், அவ்வளவு அற்பக் காரணம்தான். மன்னிச்சிடுங்க. யாரை யாரையோ கூப்பிட்டு மன்னிச்சீங்களே, என்னையும் மன்னிச்சிட்டு மெஷினுக்கு வாங்க. உங்களுக்குப் போதும். எனக்குப் போதல மம்மி. எனக்கு இன்னும் போதல."

அவள் அழுத அழுகைக்குக் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனாள்.

சாந்தமேரி இடது கையின் பட்டு ஜாக்கெட்டை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தாள். வீங்கிய கையில் அது பாதிக்கு மேல் ஏறவில்லை.

"கத்தரிக்கோல் வச்சு வெட்டணும் போல இருக்கே" என்றாள். "சரி. இன்னிக்கு வரேன். நாளைக்கு மறுபடி பேசுவோம்."

ஜோஆன் அந்தக் கையில் முத்தமிட்டாள். ரேஷ்மாவை அழைத்தாள்.

"கிடைச்சிட்டாங்க! வரோம். மெஷினை விட்டுடாதே, தயவுசெஞ்சு விட்டுடாதே!"

"சீக்கிரம் வாங்கக்கா. சாயங்கால ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

"டாடி, நீங்க இறங்கி அந்தப் பக்கம் உக்காருங்க. நான் எடுக்குறேன்."

இருதயம் அசையவில்லை.

"டாடி?"

சாவி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. மனைவியின் 'சரி'யைக் கேட்பதற்காகவே அதுவரை பிடித்து வைத்திருந்ததுபோல், ஒரு பக்கமாய் மெல்லச் சரிந்தார்.

"ஏங்க!" சாந்தமேரியின் குரல் வளாகம் முழுக்கக் கேட்டது. இவ்வளவு நேரம் ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியவள் அவள்.

கலியமூர்த்தி பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டுமாக்கா?"

"வர்ற நேரத்துல நாமளே போயிடலாம். பிடிங்கண்ணே!"

அந்த வண்டியில் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் பக்கத்தில். முன் இருக்கை பெஞ்சுபோல நீளமாக, இடுப்பு உயரத்தில். தூக்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் நின்ற வாக்கிலேயே அவரை அப்படியே அந்தப் பக்கத்துக்கு நகர்த்திச் சாய்த்தார்கள். மனைவிக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்த இருக்கை இப்போது அவரையே வாங்கிக்கொண்டது.

ஜோஆன் முதன்முதலாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி குதித்து, நின்று, மறுபடி குதித்துக் கிளம்பியது.

வாசலில் இருந்து இடப்பக்கம் போனால் ஃபெடரல் ஹைவே, பிரிக்ஃபீல்ட்ஸ், அம்மாவின் மெஷின். வலப்பக்கம் போனால் பெரிய ஆஸ்பத்திரி. ஜோஆனின் கை சிக்னல் கம்பியில் உறைந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது.

"எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறே? பெரியாஸ்பத்திரிக்கு விடு!" என்றாள் சாந்தமேரி.

"மம்மி, உங்க மெஷின்..."

"கெடக்கட்டும் மெஷின். நான் இன்னிக்குச் சாக மாட்டேன். கேட்டியா? இவரை இப்படி விட்டுட்டு நான் எப்படிடி சாவேன்? ஓட்டு!"

காலையில் நெற்றியில் எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்ச்சேரத் தயாரானவள் பேசுகிற பேச்சா இது! வலப்பக்கம் திரும்பியபோது ஜோஆனுக்குக் கண்ணை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மிதித்தாள்.

பின்னாலிருந்து அம்மாவின் வீங்கிய கை நீண்டு, அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டது.

"ஏங்க, கண்ணைத் தொறங்க. கார்டு கடைசியாத்தான் இறங்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. நான் இன்னும் வண்டியிலதான் இருக்கேன். கேக்குதா? நான் இன்னும் இறங்கலங்க."

அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் காவலாளி கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடிவந்தான். வேன் எல்லாம் பின்பக்கம், சாமான் இறக்குகிற இடத்துக்குப் போகணும் என்று மலாயில் கத்தினான். ஜோஆன் வேன் இல்லை என்று சொல்லவில்லை, கார் என்றும் சொல்லவில்லை. ஹாரனை அமுக்கியபடியே அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவோரமாக நிறுத்தினாள்.

இரண்டு ஊழியர்கள் ஒரு தள்ளுகட்டிலோடு ஓடிவந்தார்கள்.

"நோயாளி யார்?"

முன்னால் சரிந்து கிடக்கும் அப்பா. பின்னால் வாயைத் திறந்து காற்றை விழுங்கும் அம்மா. அவள் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு பேரும்" என்றாள் ஜோஆன். "ரெண்டு பேரும்தான்!"

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டில் ஒன்றுதான் இருந்தது. ஒருவன் இன்னொன்று கொண்டுவர உள்ளே ஓடினான். மற்றவனும் காவலாளியுமாக இருதயத்தைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு வந்தது, கை வரவில்லை. கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. விரலைப் பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடித்தது.

ஜோஆனின் பையில் போன் அடித்தது. திரையில் ரேஷ்மாவின் பெயர். எடுக்கவும் பயம், விடவும் பயம். அது அடித்து அடித்து ஓய்ந்தது. சாயங்கால ஷிப்ட் தொடங்கியிருக்கும்.

சாந்தமேரி முன்னால் சாய்ந்து, கதவைப் பிடித்திருந்த கணவனின் விரல்கள்மேல் தன் கையை வைத்தாள்.

"விடுங்க" என்றாள், மூச்சுக்கு நடுவில். "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலேயே வரேன்."

அந்தச் சொல்லுக்கு இருதயத்தின் விரல்கள் தளர்ந்தன. கட்டில் உள்ளே உருண்டது. கண்ணாடிக் கதவு அவரை வாங்கிக்கொண்டு மூடியது.

ஜோஆன் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"மம்மி? எங்க வரேன்னு சொன்னீங்க மம்மி? கண்ணைத் தொறந்து சொல்லுங்க!"